ஷிஃப்ட் மாறும்போது தகவல் விடுபடுகிறது: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புதான் தீர்வா?

கேள்வி: வார்டு இன்சார்ஜ், மதுரை

வணக்கம். இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவைசிகிச்சை வார்டில் இன்சார்ஜ் சிஸ்டராகப் பொறுப்பேற்றுச் சில மாதங்கள் ஆகின்றன. காலை 8 முதல் 2 வரை, 2 முதல் இரவு 8 வரை, இரவு 8 முதல் மறுநாள் காலை 8 வரை என எங்களுக்கு மூன்று ஷிஃப்ட். ஷிஃப்ட் முடியும்போது நர்சிங் ஸ்டேஷனில் கேஸ் ஷீட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு ஒருவர் படிக்க, அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர்கள் நின்றபடியே கேட்டுக்கொள்வார்கள். அந்த நேரத்தில்தான் பெல் அடிக்கும், டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்று பில்லிங்கிலிருந்து போன் வரும், டிரிப் முடிந்துவிட்டது என்று சொல்ல நோயாளியின் அட்டெண்டர் ஒருவர் வந்து நிற்பார்.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொன்னால் என் கேள்வி விளங்கும். குடலில் அறுவைசிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த, சுமார் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நள்ளிரவுக்குப் பிறகு சிறுநீரின் அளவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இரவுப்பணிச் செவிலி அதைக் கவனித்து, டூட்டி டாக்டருக்குப் போன் செய்து, “சார், 12-ஆம் பெட்டுக்கு யூரின் கொஞ்சம் கம்மியா போகுது” என்றிருக்கிறார். “சரி, பார்க்கிறேன்” என்று பதில் வந்திருக்கிறது. காலையில் ஒப்படைக்கும்போது, “யூரின் கம்மி, டாக்டர்கிட்ட சொல்லியாச்சு” என்று சொல்லப்பட்டது. டாக்டருக்குத் தெரிந்திருப்பதால் அவர் பார்த்துக்கொள்வார் என்று காலைச் செவிலி எடுத்துக்கொண்டார். அவசரம் என்றால் மறுபடியும் கூப்பிடுவார்கள் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். சீனியர் சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்தபோதுதான் சிறுநீர் இறங்கப் போட்டிருந்த குழாய் (கத்தீட்டர்) அடைத்திருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்ததும் சிறுநீர் இறங்கிவிட்டது. நோயாளிக்குப் பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் மூன்று பேருமே பேசியிருக்கிறார்கள், மூன்று பேருமே கேட்டிருக்கிறார்கள், அப்படியிருந்தும் செய்தி போய்ச் சேரவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நிர்வாகம் இதற்குக் கண்ட தீர்வு, செவிலியர்களுக்குக் கம்யூனிகேஷன் ஸ்கில் போதாது என்று முடிவுகட்டி, வெளியிலிருந்து ஒரு பயிற்றுநரை அழைத்து, வாராவாரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துவது. தன்னம்பிக்கையாக நிற்பது, புன்னகையுடன் பேசுவது, இலக்கணப் பிழையில்லாமல் ஒரு வாக்கியத்தை முடிப்பது எல்லாம் அதில் உண்டு. என் வார்டில் தமிழ்நாட்டுப் பெண்களுடன், கேரளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். இந்த வகுப்பால் பலன் இருக்குமா? இரவு 2 மணிக்கு டாக்டரை எழுப்பப் பயப்படும் இளம் செவிலிக்கு நான் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1: ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், திருச்சி

வணக்கம் சிஸ்டர். ஆங்கில வகுப்பு நடக்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிரவு அந்தச் செவிலி பிழையே இல்லாத ஆங்கிலத்தில் பேசியிருந்தாலும் அதே “சரி, பார்க்கிறேன்”தான் பதிலாக வந்திருக்கும். ஏனென்றால் அவர் சொன்னது “கொஞ்சம் கம்மி”. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கும், கேசுவால்டியில் ஒரு விபத்துக் கேசைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் “கொஞ்சம் கம்மி” என்பது காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் கேட்கும். பெரியவர்களுக்குக் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே சிறுநீர் குறைந்தால் கவனிக்க வேண்டும் என்பது நாம் எல்லோரும் படித்ததுதான். 60 கிலோ உள்ளவருக்கு அது மணிக்கு 30 மில்லி. அந்த எண் போனில் சொல்லப்படவே இல்லை.

எஸ்பார் (SBAR) என்று ஒரு முறை இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுநீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட முறை அது. 2000-களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்டே என்னும் அமெரிக்க மருத்துவ நிறுவனம் அதை மருத்துவமனைக்கு ஏற்றபடி மாற்றியது. இப்போது என்ன நடக்கிறது, இவருடைய பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடம் நான் கேட்பது என்ன என்ற நான்கையும் அதே வரிசையில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அன்றைய போனை அந்த முறையில் பேசியிருந்தால் ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

“டாக்டர், சர்ஜிகல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசறேன். 12-ஆம் பெட் பேஷன்ட்டுக்குக் கடைசி 4 மணி நேரத்துல யூரின் மொத்தமே 40 மில்லிதான் வந்திருக்கு. குடல் ஆபரேஷன் ஆகி ரெண்டாம் நாள், 60 கிலோ, ராத்திரி 12 மணி வரைக்கும் மணிக்கு 50 மில்லி போய்க்கிட்டு இருந்துச்சு. பி.பி. 110/70, பல்ஸ் 92, அடிவயிறு உப்பியிருக்கு. கத்தீட்டர் அடைச்சிருக்கும்னு நினைக்கிறேன். ஃப்ளஷ் பண்ணிப் பார்க்கட்டுமா? அதுலயும் வரலன்னா அரை மணி நேரத்துக்குள்ள நீங்க வந்து பார்க்கணும்.”

இதைப் பேசி முடிக்க அரை நிமிடம் போதும். பேச்சுத் தமிழும் ஆஸ்பத்திரி ஆங்கிலமும் கலந்ததுதான். அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். “அடிவயிறு உப்பியிருக்கு” என்று சொல்ல வேண்டுமானால் போனை எடுக்குமுன் படுக்கைக்குப் போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். மணிக்கு எவ்வளவு என்று சொல்ல இன்டேக்-அவுட்புட் சார்ட்டைக் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். இந்த முறையின் பாதிப் பலன் பேசுவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பது மூன்றாவதும் நான்காவதும். நோய் என்ன என்று சொல்வது டாக்டர் வேலை, நீ விவரத்தை மட்டும் சொல் என்று பயிற்சிக் காலத்திலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அதனால் கத்தீட்டர் அடைப்பாக இருக்கும் என்று மனதில் பட்டாலும் வாயில் வராது. கணிப்பு தெரியாவிட்டால், “என்னன்னு தெரியல டாக்டர், ஆனா ரெண்டு மணி நேரமா நிலைமை மோசமாகிக்கிட்டே இருக்கு” என்பதையே கணிப்பாகச் சொல்லலாம் என்று கற்றுக்கொடுங்கள். வேண்டுகோளைக் கேள்வியாக முடிக்காமல் நேரத்தோடு சொல்லவும் பழக்குங்கள். “வந்து பார்த்தா நல்லா இருக்கும்” என்று முடிக்கும் பழக்கத்தை மரியாதை என்று நினைக்கிறோம். பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் விட்டுவிடுவதுதான் அதன் விளைவு.

அடுத்தது, “டாக்டர்கிட்ட சொல்லியாச்சு” என்ற வரி. ஒப்படைப்பில் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று உங்கள் வார்டில் விதியாகவே வையுங்கள். எந்த டாக்டரிடம், எத்தனை மணிக்கு, அவர் என்ன சொன்னார், அதில் எது நடந்தது, எது பாக்கி என்பது கூடவே வர வேண்டும். “4.10-க்கு டூட்டி டாக்டரிடம் சொன்னோம், பார்ப்பதாகச் சொன்னார், இன்னும் வரவில்லை” என்று சொல்லியிருந்தால் காலைச் செவிலி முதல் வேலையாக மறுபடியும் போன் செய்திருப்பார்.

ஸ்டேஷனில் நின்று கேஸ் ஷீட்டைப் படிப்பதை விட்டுவிட்டுப் படுக்கை படுக்கையாக நடந்து ஒப்படையுங்கள். பணி முடிப்பவரும் ஏற்பவரும் சேர்ந்து யூரின் பையைப் பார்க்க வேண்டும், அறுவைசிகிச்சை செய்த இடத்திலிருந்து நீர் வடியும் டிரெயின் குழாயைப் பார்க்க வேண்டும், சிரிஞ்சு பம்பில் ஓடும் அளவைக் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட வேண்டும், ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோயாளியும் கேட்டுக்கொண்டிருப்பார், “காலையில எக்ஸ்ரே எடுக்கணும்னு சொன்னாங்களே, அது சொல்லலியே சிஸ்டர்” என்று அவரே எடுத்துக்கொடுப்பதும் உண்டு. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. அத்தகைய செய்திகளையும், எச்.ஐ.வி. போன்ற பரிசோதனை முடிவுகளையும் படுக்கையருகே பேசாமல், ஸ்டேஷனிலேயே தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நடையைத் தொடங்க வேண்டும்.

போனில் வரும் மருந்து உத்தரவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் எழுத வேண்டும், எழுதியதைத் திருப்பிப் படித்துக்காட்ட வேண்டும், அந்தப் பக்கம் “சரி” என்ற பிறகே மருந்தைத் தொட வேண்டும். காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வது போதாது, எழுதியதைப் படிக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். தமிழில் சொன்னாலும் ஐம்பதும் எண்பதும் இரைச்சலில் குழம்பும். ஆகவே ஒன்-ஃபைவ், ஃபைவ்-ஜீரோ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக்குங்கள். டோபமின், டோபுடமின் போன்று ஒலிப்பில் நெருங்கிய மருந்துப் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். இன்சுலின் 10 யூனிட் என்பதை 10-க்குப் பக்கத்தில் ஆங்கில யூ எழுத்தைப் போட்டுச் சுருக்கினால், அவசரக் கையெழுத்தில் அது சுழியமாகி 100 ஆகிவிடும். யூனிட் என்று முழுதாக எழுத வேண்டும். அரை மில்லிகிராமுக்குப் புள்ளிக்கு முன் சுழியம் கட்டாயம், ஐந்து மில்லிகிராமுக்குப் பின் புள்ளியும் சுழியமும் கூடவே கூடாது.


மறுமொழி 2: இரவுப்பணி மருத்துவர், கோயம்புத்தூர்

சிஸ்டர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் பாரம் முழுவதையும் செவிலியின் பேச்சின் மீதே ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எஸ்பார் படிவத்தை அச்சடித்து வார்டு வார்டாகக் கொடுத்து, எல்லோரும் அதை நிரப்பிக் கோப்பில் வைத்து, ஆடிட் அன்று எடுத்துக் காட்டுவதோடு முடிந்துபோன இடங்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது. நள்ளிரவில் எழுப்பியதற்காக, “இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க?” என்று ஒரு முறை எரிந்துவிழுந்தால் போதும், அந்தச் செவிலி மட்டுமல்ல, அதைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களும் அடுத்த முறை இரண்டு மணி நேரம் தள்ளிப்போடுவார்கள். பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்கு முதலில் அனுப்ப வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள் என்று நிர்வாகத்திடம் யாராவது சொன்னால் நல்லது.

விமானத்துறை இதை மிக மோசமான விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று கானரித் தீவுகளில் உள்ள டெனெரிஃப் விமான நிலையத்தில், மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானம் புறப்பட ஓடத் தொடங்கியபோது, எதிரே இருந்த பான் அமெரிக்கன் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டிருக்கிறார். கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சி விமானி. விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. சந்தேகம் வந்தது, கேள்வியும் கேட்கப்பட்டது, ஆனால் மூத்தவரின் ஒரு சொல்லோடு அது நின்றுபோனது. அதன் பிறகுதான், 1979-இல் நாசா நடத்திய பயிலரங்கைத் தொடர்ந்து, கீழே இருப்பவர் விடாமல் சொல்லவும் மேலே இருப்பவர் நின்று கேட்கவும் விமானிகளுக்குச் சேர்த்தே பயிற்சி தரத் தொடங்கினார்கள். சேர்த்தே என்பதைக் கவனிக்க வேண்டும்.

அறுவை அரங்கிலும் அதே பாடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவைசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று ஓர் அம்சம் உண்டு. சிலருக்கு அது சடங்குபோலத் தோன்றும். ஆனால் ஒரு முறை வாய் திறந்து பெயரைச் சொன்னவருக்கு, பிறகு “சார், ஒரு ஸ்பாஞ்ச் குறையுது” என்று சொல்வது கொஞ்சம் எளிதாகிவிடும். புதுதில்லி உட்பட 8 நகரங்களில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-இல் ஆய்வு வெளியானது. பட்டியலில் பல அம்சங்கள் இருப்பதால் முழுப் பலனையும் பெயர் சொல்வதற்கே எழுதிவிட முடியாது என்பதும் உண்மை.

பயப்படும் செவிலிக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். தைரியத்தைக் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். தைரியம் தேவைப்படாதபடி விதியை எழுதுங்கள். பிரிட்டனில் 2012 முதல் நியூஸ் (NEWS) என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் தரப்படுகிறதா என்பது, பி.பி., நாடித்துடிப்பு, உணர்வு நிலை, காய்ச்சல் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் 5 வந்தால் மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும். 7 வந்தால் அவசரநிலை. சிறுநீர் அதில் இல்லை, அதை உங்கள் வார்டு தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். “எனக்குப் பயமா இருக்கு சார், வாங்க” என்று கூப்பிடுவது செவிலிக்குச் சங்கடம். “ஸ்கோர் 6 டாக்டர், விதிப்படி கூப்பிடறேன்” என்பதில் சங்கடமே இல்லை, என்னாலும் கோபப்பட முடியாது. டூட்டி டாக்டர் 15 நிமிடத்தில் வரவில்லையென்றால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்பதும் அதே தாளில், மருத்துவக் கண்காணிப்பாளரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத விதியை இரவு 2 மணிக்கு யாரும் நம்பமாட்டார்கள்.


மறுமொழி 3: ஷிஃப்ட் இன்சார்ஜ், மணலி

வணக்கம் மேடம். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். ரசாயன ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது எங்கள் கன்ட்ரோல் ரூமுக்கும் அப்படியே பொருந்துவதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு நடத்தும் பயிற்சியில் தவறாமல் வருவது பைப்பர் ஆல்ஃபா. வட கடலில் இருந்த எண்ணெய், எரிவாயு மேடை அது. 1988 ஜூலை 6 அன்று பகலில், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றிவிட்டு, குழாயின் வாயில் ஒரு தகட்டை மட்டும் வைத்து மூடியிருந்தார்கள். மாலை 6 மணி ஷிஃப்ட் மாற்றத்தின்போது வால்வு கழற்றப்பட்ட செய்தி இரவு ஷிஃப்டுக்கு வந்தவர்களிடம் சொல்லப்படவில்லை. இரவு பத்து மணி நெருங்கும்போது மற்ற பம்ப் நின்றுபோக, இந்தப் பம்பை ஓட்டினார்கள். அந்தத் தகடு வழியாகக் கசிந்த எரிவாயு வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். வால்வு வேலைக்கான பர்மிட் தாள் எழுதப்பட்டிருந்தது என்பதுதான் இதில் நம் எல்லோருக்கும் பாடம். எழுத்தில் இருந்தது, ஆனால் பம்பை ஓட்டியவரின் கண்ணில் படவில்லை, காதிலும் விழவில்லை.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். இரவு ஷிஃப்ட் ஒரு கலனில் திரவத்தை நிரப்பிவிட்டு, எவ்வளவு நிரப்பினோம், எந்த நிலையில் நிறுத்தினோம் என்ற விவரம் இல்லாமல் லாக் புத்தகத்தில் ஒற்றை வரி எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தது. உங்கள் “யூரின் கம்மி” என்ற வரியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

ஆகவே எழுத்தா பேச்சா என்று தேர்ந்தெடுக்க வேண்டாம். நேருக்கு நேர் நின்று, எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பேச வேண்டும் என்பதுதான் பிரிட்டனின் தொழிற்பாதுகாப்புத் துறை சொல்லும் வழிகாட்டுதல். ஒப்படைப்பவர் களைத்துப்போய், பஸ்ஸைப் பிடிக்கும் நினைப்பில் இருப்பார். அவரிடமிருந்து முழுமையை எதிர்பார்க்க முடியாது. புத்துணர்ச்சியோடு வந்திருப்பவர்தான் கேட்க வேண்டும். நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது, எது பாதியில் நிற்கிறது, எது உனக்குச் சரியாகப் படவில்லை என்ற மூன்றையும் கேட்காமல் நான் யாரையும் வீட்டுக்கு விடுவதில்லை. மூன்றாவது கேள்விக்குத்தான் உருப்படியான பதில்கள் வரும். எழுத்தில் வைக்கத் தயங்கும் விஷயங்கள் எல்லாம் அதில் வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, நிர்வாகம் விரும்பாத விஷயம். இரவு ஷிஃப்ட் சரியாக 8 மணிக்கு முடிந்து காலை ஷிஃப்ட் சரியாக 8 மணிக்குத் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒப்படைப்புக்கு உங்கள் ரோஸ்டரில் ஒரு நிமிடம்கூட இல்லை. யாரோ ஒருவர் தம் சொந்த நேரத்தில் அதைச் செய்கிறார், அதனால் அவசரமாகச் செய்கிறார். இரண்டு ஷிஃப்டும் கால் மணி நேரமாவது சம்பளத்தோடு ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்றுநருக்குக் கொடுக்கும் தொகையை அதற்கு ஒதுக்கச் சொல்லிப் பாருங்கள்.


மறுமொழி 4: ஸ்டாஃப் நர்ஸ், நாகர்கோவில்

மேடம், வகுப்பில் உட்காரும் தரப்பிலிருந்து ஒன்று சொல்கிறேன். என்னோடு வேலை செய்யும் மணிப்பூர்ப் பெண்ணின் ஆங்கிலம் எங்கள் எல்லோருடைய ஆங்கிலத்தையும் விட நன்றாக இருக்கும். அவருக்குக் கஷ்டம் நோயாளிகளிடம்தான். வயதான ஓர் அம்மா, “வயித்தால போகுதும்மா” என்றால் வயிற்றுவலி என்று எழுதிவிடுவார். “நெஞ்சு கரிக்குது” என்பதும் “நெஞ்சை அடைக்குது” என்பதும் எவ்வளவு வேறானவை என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவருக்கு யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். “கிறுகிறுன்னு வருது”, “மூச்சு வாங்குது”, “மேலெல்லாம் உளையுது” என்று நோயாளிகள் சொல்லும் விதங்களை நாங்களே ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் அதற்குரிய மருத்துவச் சொல்லையும் எழுதி ஸ்டேஷனில் வைத்திருக்கிறோம். புதிதாக வருபவர்கள் முதல் வாரத்தில் அதைத்தான் படிக்கிறார்கள். வகுப்பு நடத்துவதென்றே முடிவானால் வெளிமாநிலப் பெண்களுக்கு வார்டுத் தமிழ் வகுப்பு நடத்தச் சொல்லுங்கள்.

எங்களுக்கு ஆங்கில வகுப்பில் நேர்ந்தது வேறு. இலக்கணத்தைத் திருத்தித் திருத்தி, முன்பு கொச்சையாகவாவது பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் இப்போது ரவுண்ட்ஸில் வாயே திறப்பதில்லை.


கேள்வி கேட்டவர்: வார்டு இன்சார்ஜ், மதுரை

அனைவருக்கும் நன்றி. வகுப்பை நிறுத்த என்னால் முடியாது. பயிற்சி மணிநேரக் கணக்கு மருத்துவமனையின் தர அங்கீகாரத்துக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பயிற்றுநரிடம் பேசி, பொதுவான உரையாடல்களுக்குப் பதிலாக எங்கள் வார்டில் நடக்கும் போன் பேச்சுகளையே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். ஒரு வாரம் ஒரு டூட்டி டாக்டரும் வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். மதிப்பெண் தாளுக்குக் கையெழுத்து வாங்குவதுதான் இழுக்கும் போலிருக்கிறது, முயல்கிறேன்.

எனக்கு இன்னும் தெளியாதது நேரம்தான். வார்டில் 30 படுக்கைகள். படுக்கைக்கு மூன்று நிமிடம் என்றாலே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். இதை எப்படிச் சமாளிப்பது?


மறுமொழி 5: ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், திருச்சி

30 படுக்கையையும் எல்லோரும் சுற்றுவது என்று வைத்துக்கொண்டால் அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். அப்படிச் செய்ய வேண்டாம். காலை ஷிஃப்டில் ஐந்து செவிலியர் என்றால் ஆளுக்கு 6 படுக்கை. அந்த ஆறு பேரைப் பற்றி மட்டும், இரவில் அவர்களைப் பார்த்தவரிடமிருந்து அவர் ஏற்றுக்கொள்ளட்டும். ஐந்து இணைகளும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். இரவில் மூன்று பேர்தான் இருப்பார்கள் என்றால் இரண்டு சுற்றாகப் பிரியும், அப்போதும் அரை மணி நேரத்தைத் தாண்டாது. அதற்கு முன் இன்சார்ஜாகிய உங்களிடம் எல்லோரும் சேர்ந்து மூன்று நிமிடம் மட்டும் நிற்க வேண்டும்: மோசமாக இருப்பவர்கள் யார், இன்று தியேட்டருக்குப் போகிறவர்கள் யார், ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்களா என்பதற்கு அது போதும். நாளை டிஸ்சார்ஜ் ஆகப்போகும் ஹெர்னியா நோயாளிக்கு அரை நிமிடம் போதும். அவரிடம் மிச்சமாகும் நேரம் 12-ஆம் படுக்கைக்குப் போகட்டும்.

முறைப்படுத்தினால் நேரம் கூடும் என்ற பயம் பொதுவாக எல்லோருக்கும் இருக்கிறது. வட அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளின் குழந்தைநலப் பிரிவுகளில் பயிற்சி மருத்துவர்களுக்கு ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையைப் பழக்கி, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. ஒரு நோயாளிக்கு ஆன நேரமோ முன்பு 2.4 நிமிடம், பின்பு 2.5 நிமிடம். அந்த முறையில் கடைசிப் படி, கேட்டுக்கொண்டவர் தாம் புரிந்துகொண்டதைத் தம் சொற்களில் சுருக்கிச் சொல்வது. உங்கள் வார்டில் வேறெதையும் கொண்டுவர முடியாவிட்டாலும் இதை மட்டும் கொண்டுவாருங்கள். அன்று காலைச் செவிலி, “அப்போ யூரினுக்கு டாக்டர் வந்து பார்த்துட்டார், நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சரிதானே?” என்று கேட்டிருந்தால், “இல்லை, இன்னும் வரல” என்ற பதில் அங்கேயே கிடைத்திருக்கும்.

பெல்லையும் போனையும் என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி. ஒப்படைப்பு நடக்கும் நேரத்தில் இரண்டையும் கவனிக்க, அதில் சேராத ஒருவரை ஸ்டேஷனில் நிறுத்துங்கள். வார்டு செகரட்டரி இருந்தால் அவர், இல்லாவிட்டால் நர்சிங் எய்டு. பில்லிங் பிரிவுக்கு, காலை 8 முதல் 8.30 வரை டிஸ்சார்ஜ் பற்றிக் கூப்பிட வேண்டாம் என்று கண்காணிப்பாளர் மூலமாகச் சுற்றறிக்கை அனுப்பச் செய்யுங்கள். மூன்று ஷிஃப்டிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். மதியம் 2 மணி ஒப்படைப்பில் நீங்கள் வார்டில் இருப்பீர்கள், டாக்டர்களும் இருப்பார்கள். அங்கே இரண்டு வாரம் ஓடட்டும், பிறகு காலை 8 மணிக்கு வாருங்கள்.